ஊதி ஊதி ஓட்டுன கேசட்டும் புது டிவியும் – வாசகர் கேள்வி பதில்

போன தடவை பழைய வீடியோ கேம் பத்தி ஒரே ஒரு கேள்விக்கு பதில் எழுதுனேன், அதுக்கப்புறம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல அதே விஷயம்தான். அதனால இந்த தடவை முழுசா பழைய கன்சோலுக்கும் பழைய டிவிக்கும்தான் இடம். ஒரே மாதிரி கேட்டிருந்தவங்களை சேர்த்து ஒரே கேள்வியா ஆக்கியிருக்கேன்.

கேள்வி: பரண்ல கிடந்த சூப்பர் நின்டெண்டோவை எடுத்து, மஞ்ச-வெள்ளை-சிவப்பு வயரை எச்டிஎம்ஐ ஆக்குற ஒரு சின்ன டப்பா வாங்கி புது டிவில மாட்டுனேன். படம் வருது. ஆனா கலங்கலா இருக்கு, அதை விட கொடுமை பட்டனை அமுக்குனா ஹீரோ லேட்டா குதிக்கிறான். சின்ன வயசுல கண்ணை மூடிக்கிட்டு முடிச்ச ஸ்டேஜ்ல இப்ப ரெண்டு நிமிஷம் தாக்குப்பிடிக்க முடியல. எனக்கு வயசாயிடுச்சா, கன்சோலுக்கா?

பதில்: உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லங்க, நடுவுல இருக்குற அந்த டப்பாதான் காரணம். கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா மத்த பாதி கேள்விக்கு பதில் தானா வந்துரும். அமெரிக்கா, ஜப்பான் முறைல ஓடுற பழைய பிக்சர் டியூப் டிவி ஒரு நொடிக்கு 60 தடவை மேல இருந்து கீழ கோடு கோடா வரையும். டிவி சேனல்னா ஒரு தடவை ஒத்தைப்படை கோடு, அடுத்த தடவை ரெட்டைப்படை கோடு, ரெண்டும் சேர்ந்தாதான் ஒரு முழுப் படம், இதுக்குப் பேரு 480ஐ. அந்தக் காலத்து கன்சோல் செஞ்சவங்க இதுல ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணாங்க, சிக்னலோட டைமிங்கை அரைக் கோடு அளவுக்கு மாத்தி விட்டா டிவி ஒவ்வொரு தடவையும் அதே கோட்டு மேலயே வரையும், ஒவ்வொண்ணும் தனி முழுப்படம், நொடிக்கு 60 படம். இதுதான் 240பி. பழைய டிவில கேம் ஆடும்போது கோட்டுக்கு நடுவுல மெலிசா கருப்பு தெரியும்ல, அது வரையாம விட்ட கோடு.

இப்ப உங்க டப்பாக்கு 240பின்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது. வர்றது எல்லாமே 480ஐன்னு நெனச்சுக்கிட்டு, சம்பந்தமே இல்லாத ரெண்டு படத்தை எடுத்து ஒண்ணா ஒட்டப் பார்க்குது. ஒட்டணும்னா முதல் படத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அடுத்ததுக்காக காத்திருக்கணும், ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட், அப்புறம் அதை 1080 அளவுக்கு இழுக்குறதுக்கு இன்னும் கொஞ்சம், அப்புறம் டிவி தன் பங்குக்கு கலரைத் திருத்துறேன், அசைவை மிருதுவாக்குறேன்னு அது கொஞ்சம். எல்லாம் சேர்ந்து உங்க விரலுக்கும் ஹீரோ காலுக்கும் நடுவுல வந்து நிக்குது. சந்தேகமா இருந்தா ஒரு சோதனை பண்ணுங்க, ஹீரோ அடி வாங்குனதும் விட்டு விட்டு மினுங்குவான்ல, அந்த நேரத்துல டிவி கிட்டப் போய் பாருங்க. மினுங்காம சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா பாதி தெரிஞ்சா டப்பா ரெண்டு படத்தை ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

முதல்ல காசு செலவில்லாதது, டிவி செட்டிங்ஸ்ல கேம் மோட் ஆன் பண்ணுங்க. டிவி சேர்க்குற தாமதத்துல பெரும்பங்கு அதுலயே போயிரும். அடுத்தது அந்த டப்பாவைத் தூக்கிட்டு, இதுக்குன்னே செஞ்ச கருவி ஒண்ணு வைங்க. ஓஎஸ்எஸ்சின்னு ஒண்ணு இருக்கு, ஓப்பன் சோர்ஸ், அது முழுப்படத்தை சேர்த்து வைக்கிறதே இல்ல, ஒரு கோடு உள்ள வந்த உடனே அதையே ரெண்டு தடவை, மூணு தடவை, அஞ்சு தடவை வரைக்கும் திருப்பி அனுப்பிரும், அதனால தாமதம்னு சொல்ற அளவுக்கு எதுவும் இல்ல. ஆனா கவனிங்க, ஓஎஸ்எஸ்சில மஞ்ச வயர் மாட்ட இடமே கிடையாது, சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் தனித்தனி கம்பில அனுப்புற ஆர்ஜிபி, இல்லன்னா காம்போனென்ட்தான். உங்களோடது சூப்பர் நின்டெண்டோவோட முதல் மாடல்னா பின்பக்க சாக்கெட்ல ஆர்ஜிபி வருது, கேபிள் மட்டும் வாங்குனா போதும். இன்னொரு விஷயம், அந்தக் கன்சோலோட அமெரிக்க, ஜப்பான் மாடல் சரியா 60 ஹெர்ட்ஸ்ல ஓடாது, 60.1 பக்கம் ஓடும், ஓஎஸ்எஸ்சி அதை அப்படியே டிவிக்கு தள்ளும், சில டிவி அதை ஏத்துக்காம கருப்பா நிக்கும். அப்படி ஆச்சுன்னா, இல்ல மஞ்ச வயரே போதும்னா, இதே வேலைக்கு ரெட்ரோடிங்க்னு ஒரு கருவி வரிசை இருக்கு, அதுல பாருங்க. 4கே டிவி வச்சிருக்கவங்களுக்கு ஒரு நல்ல பொருத்தம் இருக்கு, 240ஐ 9ஆல பெருக்குனா 2160, அதாவது 4கேவோட உயரம் அச்சு அசலா. 1080ல நாலரை மடங்குன்னு வரும், அந்த அரைதான் தொல்லை, ஒண்ணு சுத்தி கருப்பு விட்டு நாலு மடங்கு வைக்கணும், இல்ல மேலயும் கீழயும் கொஞ்சம் வெட்டி அஞ்சு மடங்கு வைக்கணும்.

கேள்வி: அதே மாதிரி டப்பா நானும் வாங்குனேன் சார், படமே வரல. டப்பா மேல எச்டிஎம்ஐ டு ஏவின்னு போட்டிருக்கு.

பதில்: அது எதிர்த் திசைக்கான டப்பா தம்பி. எச்டிஎம்ஐ உள்ள போய் மஞ்ச வயர் வெளிய வரும், புது பெட்டியை பழைய டிவில பார்க்குறதுக்கு. உங்களுக்கு வேண்டியது ஏவி டு எச்டிஎம்ஐ. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், திருப்பி மாட்டுனாலும் வேலை செய்யாது.

கேள்வி: ஆர்ஜிபி கேபிள் போட்டதும் மெகா டிரைவ் படம் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, ஆனா சோனிக்ல அருவி மட்டும் கம்பி கம்பியா இருக்கு. கேபிள் பழுதா?

பதில்: கேபிள் நல்லா இருக்கு. அந்த அருவியை 1991லயே கம்பி கம்பியாத்தான் வரைஞ்சாங்க! மெகா டிரைவால ஒரே நேரத்துல சுமார் 61 கலர்தான் காட்ட முடியும், பாதி தெரியுற மாதிரி கண்ணாடித்தன்மை காட்ட அதுக்கு லேசுல வழி இல்ல, அதனால ஒரு கோடு தண்ணி, ஒரு கோடு வெறுமைன்னு மாத்தி மாத்தி வச்சாங்க. மஞ்ச வயர்ல பக்கத்து பக்கத்து புள்ளி ஒண்ணோட ஒண்ணு கலங்கும், கலங்குனதும் அருவிக்குப் பின்னாடி பாறை தெரியும். வயரோட குறையையே தூரிகையா வச்சு வரைஞ்சிருக்காங்க, எனக்கு இதை நெனச்சா இன்னைக்கும் சந்தோஷமா இருக்கும். அந்த கேம் ஆடும்போது மட்டும் மஞ்ச வயருக்கு மாறுங்க, இல்லன்னா நிறைய கருவில பக்கவாட்டுல லேசா கலக்குற ஃபில்டர் இருக்கு, அதைப் போடுங்க.

கேள்வி: நின்டெண்டோ என்இஎஸ்ல கேசட் போட்டா சிவப்பு லைட் விட்டு விட்டு எரியுது, ஸ்க்ரீனும் கூடவே வந்து வந்து போகுது. கேசட்டை ஊதி ஊதி வாய் வலிக்குது அண்ணா. புது மெஷின் தேடணுமா?

பதில்: தயவுசெஞ்சு ஊதாதீங்க. நாம எல்லாரும் ஊதுனோம், ஆனா கேசட்டை வெளிய எடுத்து திரும்ப சொருகுனதுதான் வேலை செஞ்சது, ஊதுனதுல உள்ள போனது எச்சில் ஈரம், அது செம்பைப் பச்சை பூக்க வைக்கும். லைட் ஏன் மினுங்குதுன்னா, கன்சோல் உள்ள ஒரு பூட்டு சிப் இருக்கு, கேசட்ல அதுக்கு ஜோடி சிப். ரெண்டும் பேசிக்கணும். பேச்சு அறுந்தா உள்ள இருக்குற சிப் நொடிக்கு ஒரு தடவை மெஷினை ரீசெட் பண்ணிக்கிட்டே இருக்கும், அதுதான் உங்க சிவப்பு லைட். முக்கால்வாசி கேஸ்ல சிப்புல எந்தக் குறையும் இருக்காது, கேசட்டைக் கவ்வுற 72 பின் கனெக்டர் தளர்ந்து போயிருக்கும், படுக்க வச்சு அமுக்குற மாதிரி செஞ்ச டிசைன்ல அது சீக்கிரம் தளரத்தான் செய்யும்.

முதல்ல ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல பஞ்சு நனைச்சு கேசட்டோட பின்னை துடைங்க, பஞ்சு கருப்பா வரும், கருப்பு வராம ஆகுற வரைக்கும். அப்புறமும் வரலன்னா கனெக்டரைக் கழட்டி கொஞ்ச நேரம் தண்ணில கொதிக்க வச்சு, நல்லா காய விட்டு திரும்ப மாட்டிப் பாருங்க, பழைய ஒரிஜினல் கனெக்டர் நிறைய அப்படியே உயிர் வந்துருக்கு. புது கனெக்டர் கிடைக்குது, ஆனா மலிவா வர்றது சிலது கேசட்டை உடும்பு மாதிரி பிடிச்சுக்கும், ரெண்டு கையால இழுக்கணும், அதனால என் ஓட்டு முதல்ல பழசைத் தேத்துறதுக்குத்தான்.

கேள்வி: வாத்து சுடுற துப்பாக்கி எல்இடி டிவில ஒரு வாத்து கூட விழ மாட்டேங்குது. எந்த கன்வெர்ட்டர் வாங்குனா வேலை செய்யும்?

பதில்: எதை வாங்குனாலும் செய்யாது, இதை முதல்லயே சொல்லிடறேன், வீணா காசு போகக் கூடாது. அந்த துப்பாக்கி எதையும் சுடல, அது பார்க்குது. குழாய்க்குள்ள ஒரு ஒளி சென்சார். நீங்க விசையை இழுத்ததும் கேம் ஒரு ஃப்ரேம் முழுக்க கருப்பாக்கும், அடுத்த ஃப்ரேம்ல வாத்து இருந்த இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் போடும், ரெண்டு வாத்துன்னா ஒண்ணு முடிஞ்சு அடுத்த ஃப்ரேம்ல இன்னொண்ணு. எந்த ஃப்ரேம்ல துப்பாக்கிக்கு வெளிச்சம் தெரிஞ்சதோ அந்த வாத்து விழும். முதல்ல கருப்பு காட்டுறது எதுக்குன்னா, பல்பைப் பார்த்து சுட்டு ஏமாத்தக் கூடாதுன்னு. பழைய டிவில சிக்னல் வந்த நொடியே திரைல வெளிச்சம், புது டிவில அந்த வெள்ளைக் கட்டம் வந்து சேரும்போது கேம் பார்த்து முடிச்சு உங்களுக்கு குண்டு தவறிடுச்சுன்னு தீர்ப்பு சொல்லிருக்கும். அது போக துப்பாக்கி உள்ள டியூப் டிவி வரையுற வேகத்துக்குன்னே ட்யூன் பண்ண சர்க்யூட் வேற, எல்இடியோட நிலையான வெளிச்சத்தை அது வெளிச்சமாவே மதிக்காது.

மாற்று இருக்கு, ஆனா துப்பாக்கியையே மாத்தணும். சின்டென் துப்பாக்கில கேமரா இருக்கு, திரையைச் சுத்தி ஒரு வெள்ளை பார்டர் போட்டு, அந்த பார்டர் கேமராவுக்கு எப்படி சாஞ்சு தெரியுதுங்குறதை வச்சு நீங்க எங்க குறி வச்சீங்கன்னு கணக்கு போடும். கன்4ஐஆர்னு இன்னொண்ணு, டிவியைச் சுத்தி இன்ஃப்ராரெட் எல்இடி ஒட்டணும். ரெண்டுமே முக்கியமா கம்ப்யூட்டர்ல எமுலேட்டர், அதாவது பழைய கன்சோல் மாதிரி நடிக்கிற சாஃப்ட்வேர் வச்சு ஆடுறவங்களுக்கு. ஒரிஜினல் கன்சோல், ஒரிஜினல் துப்பாக்கி வேணும்னா டியூப் டிவியைத் தவிர வழி இல்ல.

கேள்வி: எஃப்பிஜிஏன்னா எமுலேட்டர் இல்ல, நிஜ கன்சோலேதான்னு என் பையன் சொல்றான். நெசமா?

பதில்: பாதி நெசம். சாதா எமுலேட்டர்ல ஒரு பிராசசர் பழைய மெஷினோட வேலையை வரிசையா ஒவ்வொண்ணா செஞ்சு காட்டும். எஃப்பிஜிஏங்குறது வெத்து லாஜிக் நிறைஞ்ச சிப், அதுல வயரிங் எப்படி இருக்கணும்னு ஒரு ஃபைல் ஏத்துனா அந்த சர்க்யூட்டாவே மாறிடும், பழைய கன்சோல்ல சிபியு, படம் வரையுற சிப், சவுண்டு சிப் எல்லாம் ஒரே நேரத்துல ஓடுன மாதிரியே இதுலயும் ஒரே நேரத்துல ஓடும், அதனால தாமதம் ரொம்பக் குறைவு. மிஸ்டர்னு ஒரு ப்ராஜெக்ட் இருக்கு, 2017ல ஆரம்பிச்சது, டிஇ10-நானோங்குற போர்டு மேல நிக்குது, பழைய ஆர்கேட் மெஷின்ல இருந்து பிளேஸ்டேஷன் 1, சாட்டர்ன் வரைக்கும் ஒரே போர்டுல. டியூப் டிவிக்கும் நேரா சிக்னல் குடுக்கும். அனலாக் கம்பெனியோட சூப்பர் என்டி, மெகா எஸ்ஜி எல்லாம் இதே வழிதான், அதுல உங்க பழைய கேசட்டையே நேரா சொருகலாம்.

பையன்கிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. அந்த வயரிங் ஃபைலை எழுதுறது மனுஷங்க, பழைய சிப்பை அளந்து, தோலை உரிச்சு போட்டோ எடுத்து, கேம் கேமா ஓட்டிப் பார்த்து வருஷக்கணக்குல உழைச்சு எழுதுறாங்க. அவங்க தப்பா புரிஞ்சுக்கிட்டா எஃப்பிஜிஏவும் தப்பாத்தான் ஓடும், நல்லா எழுதுன சாஃப்ட்வேர் எமுலேட்டர் சுமாரான எஃப்பிஜிஏவை விட துல்லியமா இருக்கும். வீட்ல ஒரிஜினல் நல்லா ஓடிக்கிட்டு இருந்தா இதுக்கு அவசரமே இல்ல, ஒரிஜினலுக்கு ஒரு நல்ல கேபிள் வாங்குங்க.

கேள்வி: போக்கிமான் கோல்டு கேசட்ல என் தங்கச்சியோட சேவ் இருக்கு, 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் ஓடுது. பேட்டரி மாத்தணும்னு எல்லாரும் சொல்றாங்க, மாத்துனா சேவ் போயிருமா?

பதில்: போயிரும், அதனால இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்க, பேட்டரி பக்கம் போகாம முதல்ல சேவை கம்ப்யூட்டருக்கு காப்பி எடுங்க. கேசட்டை யுஎஸ்பில படிக்கிற கருவி கிடைக்குது, ஜிபி ஆபரேட்டர் மாதிரி, சேவ் ஃபைலை எடுத்து பத்திரமா ரெண்டு இடத்துல வச்சுட்டு, பேட்டரி மாத்துனப்புறம் அதையே திரும்ப ஏத்திக்கலாம். அந்த கேசட்ல பேட்டரி சேவை மட்டும் காப்பாத்தல, உள்ள ஓடுற கடிகாரத்தையும் ஓட்டுது, அதனால மத்த கேசட்டை விட சீக்கிரம் தீரும், உங்களோடது இவ்வளவு நாள் வந்ததே பெருசு. புதுசு சிஆர்2025, ஓரத்துல உலோகப் பட்டை வெல்ட் பண்ணி வர்றதா வாங்கி சால்டர் பண்ணணும். சாதா பேட்டரியை டேப் போட்டு ஒட்டாதீங்க, கேசட் ஒரு தடவை கீழ விழுந்தா தொடர்பு விட்டுரும், அந்த ஒரு நொடி போதும். பேட்டரியே வேண்டாம்னு, கரண்ட் இல்லாமலே சேவைப் பிடிச்சு வைக்கிற எஃப்ரேம் சிப் போடுற வழியும் உண்டு, ஆனா கடிகாரம் உள்ள கேசட்டுக்கு அது ஒத்து வராது.

கேள்வி: அடாப்டர் தொலைஞ்சு போச்சு. 9 வோல்ட் அடாப்டர் எதுவா இருந்தாலும் மாட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. வோல்ட் ஒண்ணா இருந்தாலும் மூணு விஷயம் பார்க்கணும். ஏசியா டிசியா: அமெரிக்க என்இஎஸ்ஸோட அடாப்டர் வெளிய விடுறதே 9 வோல்ட் ஏசி, டிசி எதிர்பார்க்குற கன்சோல்ல அதை மாட்டுனா முடிஞ்சது. பிளஸ் நடுவுலயா வெளியவா: முதல் மாடல் மெகா டிரைவுக்கு நடுவுல மைனஸ், ரெண்டாவது மாடலுக்கு நடுவுல பிளஸ், அதே கம்பெனி அதே பேரு! மூணாவது ஆம்பியர், அது கன்சோல்ல எழுதியிருக்குறதை விடக் கூட இருக்கலாம், குறையக் கூடாது. என் நண்பர் ஒருத்தர் ஆசையா வாங்கி வந்த கன்சோல்ல நான்தான் பக்கத்துல கிடந்த அடாப்டரை எடுத்துக் குடுத்தேன், பின் அளவு சரியா உக்காந்துச்சு, சுவிட்ச் போட்டதும் ஒரு சின்ன டிக் சத்தம், அப்புறம் எதுவும் இல்ல. அன்னைல இருந்து என் வீட்ல இருக்குற ஒவ்வொரு அடாப்டர்லயும் எந்த கன்சோலோடதுன்னு பேப்பர் ஒட்டி வச்சிருக்கேன்.

கேள்வி: கேம் கியர்ல படம் மங்கலா வருது, சவுண்டு சுத்தமா இல்ல. உள்ள திறந்தா மீன் வாடை மாதிரி அடிக்குது.

பதில்: அந்த வாடைதான் பதில், கெப்பாசிட்டர் ஒழுகியிருக்கு. கைல பிடிச்சு ஆடுற கன்சோலா 1990ல வந்த கேம் கியர்ல போட்ட சின்ன அலுமினிய டப்பா கெப்பாசிட்டர் அநேகமா எல்லாமே இப்ப ஒழுகி முடிச்சிருக்கும். ஒழுகுன திரவம் போர்டு மேல இருக்குற செம்புக் கோட்டைத் தின்னும், அதனால ஓடலன்னு மூடி வச்சுட்டா உள்ள நாசம் நடந்துக்கிட்டே இருக்கும். எல்லாத்தையும் எடுத்து, போர்டை ஆல்கஹால்ல கழுவி, புதுசா திரவமே இல்லாத செராமிக் இல்லன்னா பாலிமர் வகை போடச் சொல்லுங்க. அதே கையோட திரையையும் புது எல்சிடியா மாத்திக்கலாம், பழைய திரைக்குப் பின்னாடி இருக்குற குட்டி ட்யூப்லைட்தான் ஆறு பேட்டரியையும் குடிச்சுச்சு, அது போனா ஆடுற நேரம் நல்லா கூடும்.

முதல் எக்ஸ்பாக்ஸ் வச்சிருக்கவங்களும் இதைப் படிங்க: கடிகாரத்துக்குன்னு ஒரு கெப்பாசிட்டர் இருக்கு, 1.6ங்குற கடைசி போர்டைத் தவிர மத்ததுல அது ஒழுகும், மாத்தக் கூட வேண்டாம், எடுத்துட்டாலே போதும். பிளக்கைப் பிடுங்குனா தேதி மறக்கும், அவ்வளவுதான் நஷ்டம்.

கேள்வி: ட்ரீம்காஸ்ட் சிடி படிக்கல. எஸ்டி கார்டு போடுற போர்டு நல்லதா?

பதில்: லென்ஸைத் துடைச்சும் படிக்கலன்னா நல்லதுதான். ஜிடிஎமுன்னு பேரு, டிரைவைக் கழட்டிட்டு அதே சாக்கெட்ல உக்காரும், சத்தமும் போயிரும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க மதர்போர்டு பதிப்புக்கு ஒத்து வருமான்னு பாருங்க. டிரைவோட மோட்டார் இழுத்த 12 வோல்ட்டை இழுக்க இப்ப ஆள் இல்லங்குறதால சிலர் பவர் சப்ளையையும் மாத்துறாங்க. கழட்டுன டிரைவை மட்டும் தூக்கிப் போடாதீங்க, டப்பால போட்டு வைங்க.

கேள்வி: வீட்ல பழைய டியூப் டிவியை எடைக்குப் போடச் சொல்றாங்க. இன்னும் நல்லா ஓடுது. புது டிவியே இப்ப அதே மாதிரி காட்டுதாமே, வச்சுக்கணுமா?

பதில்: இடம் இருந்தா வச்சுக்கங்க, இதை மனசாரச் சொல்றேன். 4கே ஓஎல்இடில ரெட்ரோடிங்க் 4கே மாதிரி கருவி வச்சு டியூபோட புள்ளி, கோடு எல்லாத்தையும் வரைஞ்சு காட்டுறாங்க, நின்ன படத்துல நெருங்கிட்டாங்க, நானே பார்த்து அசந்துருக்கேன். ஓடுற படத்துல இன்னும் வித்தியாசம் தெரியும். டியூப்ல ஒவ்வொரு கோடும் மின்னி உடனே அணையும், எல்சிடியும் ஓஎல்இடியும் அடுத்த படம் வர்ற வரைக்கும் பழையதையே பிடிச்சுக்கிட்டு நிக்கும், அதனால கண்ணு ஓடும்போது படம் தேயுது. நடுவுல கருப்பு ஃப்ரேம் சொருகி அதைக் குறைக்கலாம், வெளிச்சமும் கூடவே குறையும்.

கெப்பாசிட்டர் போனா மாத்தலாம், சால்டர் விட்டா வைக்கலாம், டியூபுக்கு உயர் வோல்ட் குடுக்குற ஃப்ளைபேக் சில மாடலுக்கு கிடைக்கும். பிக்சர் டியூபுக்கு மட்டும் மாற்று கிடையாது, டிவிக்கு டியூப் செஞ்ச ஃபேக்டரி எல்லாம் மூடியாச்சு. அதனால ஆடாத நேரத்துல ஆஃப் பண்ணுங்க, பிரைட்னஸை முழுசா ஏத்தாதீங்க, காத்து வர்ற துளையை துணி போட்டு மூடாதீங்க. பின்மூடியை நீங்களே கழட்டாதீங்க, உள்ள 20,000 வோல்ட்டுக்கு மேல ஓடுது, பிளக்கைப் பிடுங்குனப்புறமும் டியூப் கண்ணாடி அதைப் பிடிச்சு வச்சிருக்கும். இடம் மாத்தும்போது திரை உங்க நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும், எடை முழுக்க முன்னாடி கண்ணாடிலதான், ரெண்டு பேரா தூக்குங்க. வீட்ல ஒத்துக்கவே இல்லன்னா குப்பைல மட்டும் போடாதீங்க, கண்ணாடில ஈயம் இருக்கு. பழைய கேம் ஆடுறவங்க யாராவது தேடிக்கிட்டு இருப்பாங்க, அவங்க வந்து தூக்கிட்டுப் போகட்டும், ரிமோட்டையும் மறக்காம சேர்த்துக் குடுங்க, சில மாடல்ல ஏவி சேனலுக்குப் போறதுக்கு ரிமோட்டை விட்டா வேற பட்டனே கிடையாது.